படத்தில் இல்லாதவர்களையும் கூப்பிடுங்கள்: நம் வகுப்பின் ஏற்பாட்டுக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

அன்பு நண்பர்களுக்கு,

பள்ளி முடித்த 30ஆம் ஆண்டுச் சந்திப்புக்குக் குழு அமைத்துவிட்டீர்கள் என்று பார்த்தேன். ரொம்ப சந்தோஷம். 25ஆம் ஆண்டுச் சந்திப்பில் ஆட்களைத் தேடிப் பிடிக்கும் வேலையும் பணக் கணக்கும் என்னிடம் இருந்தன. அந்த ஏழு மாதத்தில் இரண்டு பெரிய தவறு நடந்தது. இரண்டிலும் எனக்குப் பங்கு உண்டு. தனியாகச் சொன்னால் நம் நாலைந்து பேருக்குள்ளேயே முடிந்துவிடும். அதனால் எல்லோரும் படிக்கட்டும் என்று பொதுவில் எழுதுகிறேன்.

முதல் தவறு பட்டியலில் தொடங்கியது. கடைசி ஆண்டு எடுத்த குரூப் போட்டோவை ஸ்கேன் செய்து வைத்துக்கொண்டு, மேல் வரிசையிலிருந்து ஒவ்வொரு முகமாகத் தேடினோம். அந்த முறையில் தப்பில்லை. உட்கார்ந்து யோசித்துப் பெயர்களை எழுதுவதைவிட அது எவ்வளவோ மேல். ஹாரி பாரிக் என்ற உளவியலாளரும் அவருடன் சேர்ந்தவர்களும் 1975இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பள்ளி முடித்த 392 பேரை அவர்கள் சோதித்தார்கள். பழைய ஆண்டு மலரில் இருந்த முகங்களை அந்நியர் முகங்களோடு கலந்து காட்டியபோது, பள்ளியை விட்டு 30 ஆண்டுக்கு மேல் ஆனவர்களும் கிட்டத்தட்ட பத்தில் ஒன்பது பேரைச் சரியாகக் கண்டுபிடித்தார்கள். எதையும் காட்டாமல், கூடப் படித்தவர்களின் பெயர்களை எழுதுங்கள் என்றபோது அதில் பாதிகூடப் பலருக்கு வரவில்லை. நமக்கும் அதேதான் நடந்தது. நினைவிலிருந்து ஆளுக்கு இருபது, இருபத்தைந்து பெயர் எழுதினோம். படத்தைப் பார்த்ததும் 64 பேரும் வந்துவிட்டார்கள்.

ஆனால் படத்தில் இருந்தவர்கள் மட்டும்தான் வந்தார்கள். இரண்டு ஆண்டு முன்பே தேர்வில் தவறி அடுத்த வகுப்புக்கு வராமல் நின்றவர்கள், வீட்டுச் சுமைக்காக நடுவில் வேலைக்குப் போனவர்கள், அப்பாவின் மாற்றலால் வேறு ஊருக்குப் போனவர்கள் யாருமே அந்தப் படத்தில் இல்லை. வேண்டுமென்று யாரும் அவர்களை விடவில்லை. அப்போதைய குழுவில் இருந்த எங்கள் ஏழு பேரில் ஒருவருக்குக்கூட அது தோன்றவில்லை, அவ்வளவுதான். சந்திப்பு முடிந்த மறுநாள், எனக்குப் பக்கத்தில் நாலு வருஷம் உட்கார்ந்து படித்தவன் யாரிடமோ என் எண்ணை வாங்கி அழைத்தான். படங்களைப் பார்த்தானாம். கோபமாகப் பேசவில்லை. "நானும் அந்த கிளாஸ்தானேடா?" என்று மட்டும் கேட்டான். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

வாட்ஸ்அப் குழுவில் 1024 பேர் வரை சேர்க்கலாம். நம் குழுவில் 61 பேர் இருக்கிறோம். தயவுசெய்து இந்த முறை கடைசி ஆண்டுப் படத்தோடு நிற்காதீர்கள். கீழ் வகுப்புகளில் எடுத்த படங்கள் யார் வீட்டிலாவது இருக்கும். அவற்றைக் குழுவில் போட்டு, இது யார், இப்போது எங்கே என்று கேளுங்கள். ஒருவருக்கு மறந்த முகம் இன்னொருவருக்குத் தெரியும்.

இரண்டாவது தவறு முழுக்க என்னுடையது. பணம் சேரத் தாமதமானபோது, யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று தினமும் இரவு பட்டியல் போட்டேன். மற்றவர்களுக்கு ஒரு வேகம் வரும் என்று நினைத்தேன். வேகம் வந்தது. கூடவே, கொடுக்காதவர்கள் யார் என்பதும் எல்லோருக்கும் தெரிந்துபோனது. தொடக்கத்தில் தினம் பேசிக்கொண்டிருந்த நம் தோழி ஒருவர் மெல்ல மெல்ல அமைதியானார். கடைசியில், "அன்னைக்கு வேற வேலை இருக்குப்பா, நீங்க நடத்துங்க" என்றார். வேறு வேலை எதுவும் இல்லை, தன் பெயருக்கு நேரே இருந்த வெற்று இடத்தைத் தினமும் பார்க்க முடியவில்லை என்று பல மாதம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. இதை எழுதும்போதும் மனது வலிக்கிறது.

அதனால் ஒரு வேண்டுகோள். எல்லோராலும் முடிகிற ஒரு சின்னத் தொகையை முதலில் முடிவு செய்யுங்கள். இடமும் மற்றதும் அதற்குள் அமையட்டும். கூடுதலாகக் கொடுக்க விரும்புகிறவர்கள் பொருளாளரிடம் நேரடியாகக் கொடுக்கட்டும், பெயர் வெளியே வர வேண்டாம். கொடுக்க முடியாதவர் யாரிடமும் போய்க் காரணம் சொல்லும் நிலை வரவே கூடாது. மொத்த வரவையும் செலவையும் மட்டும் குழுவில் போட்டால் போதும், ரசீதோடு.

சந்திப்பு நாளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பேச்சாளர்களைக் குறையுங்கள். போன முறை பதினொரு பேர் மேடையில் பேசினார்கள், மதியத்துக்கு மேல்தான் நாங்கள் ஒருவரோடு ஒருவர் பேசத் தொடங்கினோம். பாட்டுச் சத்தம் கொஞ்சம் குறைவாக இருக்கட்டும். பெயர் அட்டையில் பள்ளியில் கூப்பிட்ட பெயரைப் பெரிய எழுத்தில் போட்டு, பக்கத்தில் அப்போதைய சின்னப் படத்தையும் ஒட்டுங்கள். "என்னைத் தெரியுதா?" என்று கேட்டு யாரையும் சங்கடப்படுத்தத் தேவையிருக்காது. வயதான ஆசிரியர்களுக்குப் படி ஏறாத இடமாகப் பாருங்கள். அப்புறம், பதவியில் இருப்பவர்களை மட்டும் மேடையேற்றிப் பொன்னாடை போர்த்துவது வேண்டாமே. அன்று ஒருநாள் நாம் எல்லோரும் பெஞ்சில் உட்கார்ந்தவர்களாகவே இருப்போம்.

போன முறை நாம் செய்ததிலேயே எனக்கு மிகவும் பிடித்தது வருகைப் பதிவு. நம் வகுப்பாசிரியை பழைய வரிசைப்படி ஒவ்வொரு பெயராக வாசித்தார். "உள்ளேன் டீச்சர்" என்று நாற்பது வயதைத் தாண்டிய குரல்கள் ஒவ்வொன்றாக எழுந்தன. இறந்துபோன மூன்று பேரின் பெயரையும் அவர் விடாமல் வாசித்தார். யாரும் சொல்லவில்லை, எல்லோரும் எழுந்து நின்றோம். சிறிது நேரம் கழித்து அடுத்த பெயர். அந்த ஐந்து நிமிடத்துக்காக அந்த ஏழு மாத உழைப்பையும் மறுபடி செய்யலாம் என்று தோன்றியது. ஆனால் அது கடைசி ஆண்டுப் பதிவேடு. என் பெஞ்சில் இருந்தவன் பெயர் அதில் இல்லை. இந்த முறை டீச்சரிடம் கொடுக்கும் பட்டியலில் நடுவில் போனவர்கள் எல்லோரையும் சேர்த்து எழுதுங்கள். டீச்சர் முந்தைய இரண்டு வகுப்பிலும் நமக்குப் பாடம் எடுத்தவர், அவர்களையும் அவருக்குத் தெரியும்.

அந்தப் பட்டியல் வேலையை நானே எடுத்துக்கொள்கிறேன். போனில் பேச இரண்டு பேர் கூட வந்தால் போதும். பணக் கணக்கு வேறு யாரிடமாவது இருக்கட்டும்.

தேதி முடிவானதும் சீக்கிரம் சொல்லுங்கள். என் பக்கத்து இருக்கைக்காரனுக்கு விடுப்பு வாங்க ஒரு மாதமாவது முன்னால் தெரிய வேண்டுமாம். அந்தத் தோழியிடமும் மன்னிப்புக் கேட்டுப் பேசிவிட்டேன். வருகிறேன் என்று இன்னும் சொல்லவில்லை. அடுத்த வாரம் மறுபடி கூப்பிடப் போகிறேன்.

அன்புடன்,
உங்கள் வகுப்புத் தோழன்