கிட்டப்பா கொஞ்சம் வேகமாக ஓடுகிறார்

செங்கோட்டை

அன்புள்ள பாப்பா,

பழைய கிராமபோன் பிளேட்டுகளிலிருந்து நீ கம்ப்யூட்டரில் ஏற்றி அனுப்பிய பாட்டுகளை எல்லாம் கேட்டேன். எத்தனை ராத்திரி உட்கார்ந்தாயோ! ஆனால் நம் நாடகப் பாடகர் எஸ்.ஜி. கிட்டப்பா கொஞ்சம் வேகமாக ஓடுகிறார். "நல்லாத்தானே இருக்கு" என்கிறாள் அம்மா. நல்லாத்தான் இருக்கிறது, அவர் குரலாக இல்லை, அவ்வளவுதான்.

நிமிஷத்துக்கு 78 சுற்று என்பது பெயருக்குத்தான். அந்தக் காலத்துப் பிளேட்டுகள் கொஞ்சம் கூடவோ குறையவோ பதிவாகியிருக்கும். நிமிஷத்துக்கு நாலைந்து சுற்று மாறினால் போதும், சுருதி அரைக் கட்டை தள்ளிப் போய்விடும். கிட்டப்பா ஐந்து கட்டை சுருதியில் பாடினார் என்று நம் ஊர்ப் பெரியவர்கள் சொல்வார்கள். மைக் இல்லாத கொட்டகையில் கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டுமே! அந்த உயரம் போதும், மெஷின் வேறு ஏற்றிவிட வேண்டாம். 1906-ல் இதே ஊரில் பிறந்து, 1933-ல் 27 வயதில் போய்விட்டார். சினிமாவில் முகம் காட்டவில்லை. அவர் பாட்டு நமக்கு மிஞ்சியது பிளேட்டில் மட்டும்தான்.

இந்தக் கணக்கை எனக்குச் சொல்லித் தந்தவர் தென்காசியில் இருந்த ஒரு பின்பாட்டுக்காரர். நாடகக் கம்பெனிகளில் ஆர்மோனியம் வாசித்தவர், தாத்தாவின் சிநேகிதர். நான் காலேஜில் படிக்கும்போது பொடி டப்பாவும் கையுமாக வீட்டுக்கு வருவார். வந்ததும் காபிகூடக் குடிக்காமல் கிராமபோனுக்குச் சாவி கொடுக்கச் சொல்வார். பாட்டு ஓட ஓட ஆர்மோனியத்தில் ஒரு கட்டையை அமுக்கிப் பிடிப்பார். குரல் இரண்டு கட்டைக்கு நடுவில் நின்றால் முகம் சுளித்து, வேகத் திருகைத் துளித் துளியாகத் திருப்புவார். பிளேட்டிலும் ஆர்மோனியம் கூடவே வாசிப்பதால், அது ஏதாவது ஒரு கட்டையில் வந்து உட்கார்ந்துதானே ஆக வேண்டும்! ஆர்மோனியப் பெட்டிக்குப் பெட்டி சுருதி சற்று மாறும் என்பதும் அவருக்குத் தெரியும். அதனால் பத்து வயதில் கொட்டகையில் கேட்ட கிட்டப்பாவின் குரலையும் மனதில் வைத்துப் பார்ப்பார். அந்த ஞாபகத்தை எவ்வளவு நம்பலாம் என்று தாத்தா கிண்டல் செய்வார். எனக்கு நம்பிக்கை உண்டு.

அவரே ஒரு நாடக செட்டுக்காக, அதாவது ஒரு நாடகத்தைப் பல பிளேட்டுகளில் பதிந்தபோது, மெட்ராஸ் போய் வாசித்தவர். விளக்கு எரிந்ததும் ஆரம்பிக்க வேண்டும், மூன்று நிமிஷத்தில் முடிக்க வேண்டும். விடிய விடிய நாடகம் ஆடிப் பழகியவர்களுக்கு அது என்ன கஷ்டம் என்று யோசித்துப் பார். பதிவு மெழுகில் நடக்கும். நடுவில் யாராவது இருமினால் அந்த மெழுகுத் தட்டு வீண், முதலிலிருந்து பாட வேண்டும். ராஜபார்ட்டுக்காரர், அதாவது கதாநாயகன் வேஷக்காரர், விருத்தத்தில் ஒரு சங்கதி கூடுதலாகப் போட்டுவிட்டால் இவருக்கு வயிற்றைக் கலக்குமாம். கைக்காசு கொடுத்து அனுப்பிவிட்டார்கள். லேபிளில் இவர் பேர் இல்லை. அதற்காக அவர் வருத்தப்பட்டு நான் பார்த்ததில்லை, எனக்குத்தான் இன்னும் ஆறவில்லை.

சரி, இனி செய்ய வேண்டியது. பிற்காலத்து எல்.பி. பிளேட்டுக்கான மெல்லிய ஊசியால் ஓட்டியிருக்கிறாய் என்று இரைச்சலைக் கேட்டாலே தெரிகிறது. 78 பிளேட்டில் ஊசி ஓடும் வரி எல்.பி. வரியைவிடச் சுமார் மூன்று மடங்கு அகலம். மெல்லிய ஊசி அடியில் கிடக்கும் தூசியை உழுதுகொண்டு போகும். இதற்கென்று தனி ஊசி விற்கிறார்கள், வாங்கு. எதைச் செய்தாலும் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்துவிடாதே. பிளேட்டில் இருப்பது அரக்கு. மரத்துக்கு பாலிஷ் போடுகிறவர் அதே அரக்கை ஸ்பிரிட்டில்தான் கரைக்கிறார். தண்ணீரில் நனைத்துப் பிழிந்த மெல்லிய துணி போதும், லேபிளில் மட்டும் ஈரம் படக் கூடாது.

மீதிப் பிளேட்டுகள் இங்கே பீரோவில் செங்குத்தாக நிற்கின்றன. நம் ஊர் திருவிதாங்கூரில் இருந்த காலத்தில் தாத்தா ரயிலேறி கொல்லம் போய் வாங்கியவையும் அதில் உண்டு. சாரல் காலத்தில் பூஞ்சை பிடிக்கும் என்பதால் இப்போது திறக்க மாட்டேன். ஐப்பசி மழையும் ஓயட்டும், தை மாதம் வா, இரண்டு பேருமாகப் பிரிக்கலாம். அந்தப் பின்பாட்டுக்காரருடைய ஆர்மோனியம் நம் வீட்டில்தான் இருக்கிறது, துருத்தியை ஒட்டக் கொடுத்திருக்கிறேன். அதற்குள் கிட்டப்பாவை மட்டும் இரண்டு சுற்று குறைத்து மறுபடி அனுப்பு. ஆச்சிக்கும் போட்டுக் காட்ட வேண்டும், அவளுக்கு என்னைவிட நல்ல காது.

அன்புடன்,
அப்பா