ராத்திரிக்கு ஒரு சூப்

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். போனில் சொன்னால் “சரிம்மா, சரிம்மா” என்பாய், வைத்ததும் மறந்துவிடுவாய். காகிதத்தில் இருந்தால் அடுப்புக்கு மேலே ஒட்டி வைத்துக்கொள்ளலாம். அப்பாவும் தங்கச்சியும் நலம். மழை விட்டுவிட்டது, பாண்டி முத்தியால்பேட்டையில் கொசுதான் விடவில்லை.

வயிறு எரிகிறது, ராத்திரியில் லேசாகச் சாப்பிடும்படி டாக்டர் சொன்னார் என்றாய். லேசாக என்றதும் நீ பிஸ்கட்டைப் பாலில் தோய்த்துச் சாப்பிட்டுவிட்டுப் படுப்பதாகத் தங்கச்சி போட்டுக் கொடுத்துவிட்டாள். அதுவும் இல்லாத நாளில் பாக்கெட் நூடுல்ஸாம். நூடுல்ஸை விட்டுவிடு என்று நான் சொல்லப்போவதில்லை, நீ விடமாட்டாய். அதையே கொஞ்சம் காய் போட்டு, நல்ல தண்ணீரில், சூப்பாக வைத்துக் குடி என்கிறேன். புனேயில் உன்னிடம் இருப்பது ஓர் இண்டக்ஷன் அடுப்பு, இரண்டு பாத்திரம், ஒரு தோசைக்கல். இதற்கு அவ்வளவு போதும்.

முதலில் அந்தப் பாக்கெட்டைப் பற்றி ஒரு வார்த்தை. ரிட்டையர் ஆனாலும் சயின்ஸ் டீச்சர் புத்தி போகாது, பொறுத்துக்கொள். இரண்டு நிமிடத்தில் வெந்துவிடுகிற அந்தக் கட்டி நூடுல்ஸ் பெரும்பாலும் ஆலையிலேயே எண்ணெயில் பொரித்து எடுக்கப்பட்டது. பொரியும்போது அதிலுள்ள நீர் ஆவியாகி நுண்ணிய துளைகள் விழும். அந்தத் துளை வழியாக வெந்நீர் ஏறுவதால்தான் சட்டென்று வேகிறது. மசாலாத் தூளில் காரத்தைவிட உப்பு அதிகம். பாக்கெட்டின் பின்பக்கம் சோடியம் இத்தனை மில்லிகிராம் என்று போட்டிருக்கும். அதை இரண்டரையால் பெருக்கினால் எவ்வளவு உப்பு என்று வரும். ஒரு நாள் முழுக்கவே 5 கிராமுக்குள் உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கணக்கை நீயே போட்டுப் பார். பொரிக்காத ஹக்கா நூடுல்ஸ், இல்லாவிட்டால் காய்ந்த அரிசி சேவை வாங்கிக்கொள். வயிறு சரியில்லாதபோது எனக்கென்னவோ சேவைதான் பிடித்திருக்கிறது.

இந்த சூப்பை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. நம் தெருவில் இருந்த சைகோன் ஆயாவை உனக்கு லேசாக ஞாபகம் இருக்கலாம். வெள்ளைக் கொண்டை, எப்போதும் வெற்றிலை. பிரெஞ்சுப் பட்டாளத்தில் வியட்நாமுக்குப் போன நம் ஊர் சொல்தா, அதாவது சிப்பாய் ஒருவர், அங்கேயே கல்யாணம் முடித்துக் கூட்டி வந்தவர். 1954இல் பிரெஞ்சுக்காரர்கள் அங்கேயும் தோற்றார்கள், அதே வருஷம் நவம்பரில் இங்கேயும் கொடியை இறக்கினார்கள். அந்தச் சமயத்தை ஒட்டிக் கப்பலேறி வந்த குடும்பங்கள் பாண்டியில் நிறைய. சாயோ என்று பொரித்த ரோலைக் கடையில் வாங்கிச் சாப்பிடுகிறாயே, அது அவர்களோடு வந்ததுதான்.

அமாவாசைக்கு உன் ஆயா வடை, பாயசம் கொடுத்து அனுப்புவார். பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தரக்கூடாது என்று சைகோன் ஆயா அதில் சூப் ஊற்றித் தருவார். வியட்நாமில் இந்த சூப்பை மாட்டு எலும்பில் வைப்பார்கள். ஆனால் அங்கே புத்த மதத்துக்காரர்கள் அமாவாசையிலும் பௌர்ணமியிலும் கறி தொடமாட்டார்கள். அன்றைக்கு எலும்புக்குப் பதில் முள்ளங்கியும் காளானும். அதனால் நம் வீட்டு விரதத்துக்கும் அவர் வீட்டு சூப்புக்கும் சண்டையே வரவில்லை. உன் ஆயா பூண்டு மட்டும் வேண்டாம் என்பார், அவரும் போடாமல் கொடுப்பார்.

சரி, அடுப்புக்கு வருவோம். இந்த சூப்பின் ருசி முழுக்கத் தண்ணீரில்தான். நீ என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியும்: குழாய்த் தண்ணீரைக் கொதிக்க வைத்து, காயையும் நூடுல்ஸையும் ஒன்றாகக் கொட்டி, சப்பென்று இருக்கிறதே என்று சோயா சாஸைச் சாய்ப்பாய். ஒரு மேசைக்கரண்டி சோயா சாஸிலேயே இரண்டு கிராமுக்கு மேல் உப்பு இருக்கிறது. பாக்கெட்டைத் தூக்கி எறிந்துவிட்டுப் பாட்டிலில் மாட்டிக்கொள்ளாதே.

ஒரு பெரிய வெங்காயத்தை இரண்டாக வெட்டி, வெட்டுப் பக்கம் கீழே இருக்கும்படி காய்ந்த தோசைக்கல்லில் வை. எண்ணெய் வேண்டாம். பக்கத்தில் தோலோடு ஒரு விரல்நீள இஞ்சி, லேசாக நசுக்கியது. ஐந்தாறு நிமிடம் தொடாதே. வெங்காயத்தின் அடி நன்றாகக் கறுக்க வேண்டும், பொன்னிறம் போதாது. சைகோன் ஆயா இதைக் கரி அடுப்பில் நேராகச் சுடுவார், தெருவே மணக்கும். உன் இண்டக்ஷனில் நெருப்பு இல்லை, ஆனால் நான் கொடுத்த இரும்புக்கல் அடி தட்டையானது, அதில் வேலை செய்யும். சுட்டதால் வரும் இனிப்பும் புகை வாசமும்தான் எலும்பு இல்லாத குறையை மறைக்கும்.

இதை ஆறு டம்ளர் தண்ணீரில் போடு. கூடவே ஒரு சின்ன முள்ளங்கி வட்டம் வட்டமாக, கேரட்டின் தோலும் காம்புப் பக்கமும், காளானின் தண்டுகள், கொத்தமல்லித் தண்டு, ஒரு சின்னத் துண்டு பட்டை. அன்னாசிப்பூ முழுதாகப் போட்டுவிடாதே, இரண்டு இதழ் போதும். ஒன்று கூடினாலும் பிரியாணி வாசம் வந்துவிடும். மிளகு வயிறு ஆறும்வரை வேண்டாம். கொதி வந்ததும் தீயைக் குறைத்து அரை மணி நேரம் விடு. தளதளவென்று கொதித்தால் கலங்கிப்போகும். ஓரத்தில் குமிழி வந்து வந்து போனால் போதும். அந்த நேரத்தில் குளித்துவிட்டு வா.

இந்தத் தண்ணீரில் முட்டைகோஸ், காலிஃபிளவர் தண்டைப் போடாதே. அவற்றில் கந்தகம் சேர்ந்த பொருள்கள் உண்டு, நெடுநேரம் கொதித்தால் ஒரு வாடை கிளம்பும். பீட்ரூட் போட்டால் நிறம் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டாம். காளான் தண்டை மட்டும் விட்டுவிடாதே. 1908இல் கிகுனே இகேடா என்ற ஜப்பானிய வேதியியலாளர் கடற்பாசிச் சாற்றிலிருந்து குளுட்டமேட்டைப் பிரித்துக் காட்டினார். அதுதான் பிறகு அஜினோமோட்டோவாகக் கடைக்கு வந்தது. காளானிலும் தக்காளியிலும் அது இயற்கையாகவே இருக்கிறது. அதனால் தூள் போடாமலேயே நாக்கில் அந்தக் கறிச்சாறு ருசி நிற்கும்.

வடிகட்டினால் ஐந்து டம்ளர் தேறும். பாதியை ஆறவைத்து பிரிட்ஜில் வை, மறுநாள் ராத்திரிக்கு ஆகும். உன்னிடம் பெரிய வடிகட்டி இருக்காது, டீ வடிகட்டி போதும்.

அப்புறம் காய். ஞாயிற்றுக்கிழமை ஒரு வாரத்துக்கு வாங்கிப் போட்டுவிடாதே. இரண்டு நாளைக்கு ஆகிற அளவு வாங்கு. இங்கே பெரிய மார்க்கெட்டில் நான் பீன்ஸை ஒடித்துப் பார்த்துத்தான் வாங்குவேன், கடைக்காரம்மா முறைத்தாலும் சரி. டக்கென்று ஒடிய வேண்டும், வளைந்தால் விட்டுவிடு. காளானைக் கவிழ்த்துப் பார். குடைக்கும் தண்டுக்கும் நடுவே மெல்லிய தோல் மூடியிருந்தால் புதுசு. பிரிந்து உள்ளே கறுப்பு மடிப்பு தெரிந்தால் பழசு. ஒருவனுக்கு அரைக் கேரட், ஐந்தாறு பீன்ஸ், நாலு காளான், ஒரு கைப்பிடி மெல்லிசாக அரிந்த கோஸ், ஒரு பிடி பாலக், இரண்டு வெங்காயத்தாள். இதற்கு மேல் போட்டால் அது கூட்டு.

வெட்டுவதில்தான் உன் சோம்பேறித்தனம் தெரிந்துவிடும். கேரட்டைத் தீக்குச்சி கனத்தில் அரிய வேண்டும். பீன்ஸைச் சாய்வாகச் சீவு, சீக்கிரம் வேகும். காளானை மட்டும் கல்லில் ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டு, உப்பில்லாமல், அதன் தண்ணீர் வற்றி ஓரம் சிவக்கும்வரை வதக்கு. அந்த ஒரு ஸ்பூன் எண்ணெயை வேண்டாமென்று சொல்லாதே. கேரட்டில் உள்ள சத்து கொழுப்பு கொஞ்சம் இருந்தால்தான் உடம்பில் ஒட்டும். வைட்டமின் சி தண்ணீரில் கரைந்து போய்விடுமே என்பாய். பொரியலுக்கு வேகவைத்த தண்ணீரைக் கொட்டுகிறவர்களுக்கு அந்தக் கவலை. நீ தண்ணீரையும் சேர்த்தல்லவா குடிக்கிறாய்?

இரண்டரை டம்ளர் சாறு கொதிக்கும்போது முதலில் கேரட், பீன்ஸ், வெங்காயத்தாளின் வெள்ளைப் பகுதி. மூன்று நிமிடம் கழித்துக் கோஸும் வதக்கிய காளானும். இன்னொரு நிமிடம். கடைசியில் பாலக்கைப் போட்டு, அது துவண்டதும் அடுப்பை அணை. மூடி போடாதே. கீரையிலிருந்து வரும் புளிப்பான ஆவி உள்ளேயே சுற்றினால் பச்சை மங்கிப் பாசி நிறமாகிவிடும். எலுமிச்சையும் அப்படித்தான், பாத்திரத்தில் பிழியாமல் கிண்ணத்தில் பிழிய வேண்டும். இப்போதைக்கு உனக்கு நாலு சொட்டுக்கு மேல் கிடையாது. உப்பு ஒரு சிட்டிகை, சோயா சாஸ் ஒரு டீஸ்பூன்.

அங்கே முளைகட்டிய பயறு கடையிலேயே கிடைக்கும் என்றாயே, அதில் ஒரு கைப்பிடியைக் கோஸோடு போடு. பச்சையாகத் தூவாதே. முளை வருகிற அதே ஈரத்திலும் சூட்டிலும் கிருமியும் வளரும், உன் வயிறு இப்போது இருக்கிற நிலையில் அந்தச் சோதனை வேண்டாம். டோஃபு கிடைத்தால் நாலு துண்டு போட்டுக்கொள், பசி தாங்கும்.

நூடுல்ஸ் தனிப் பாத்திரத்தில் வேக வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். சூப்பிலேயே வேகவைத்தால் அதன் மாவு இறங்கிச் சாறு கஞ்சியாகும். ஓட்டல்களில் அந்தக் கஞ்சிப் பதத்தை வேண்டுமென்றே சோளமாவு கரைத்து வரவழைத்து, வெஜ் சூப் என்று விலை போடுகிறார்கள். அதைக் குடித்துப் பழகியவர்களுக்கு இது தண்ணியாகத்தான் தெரியும். தெரியட்டும். காய்ந்த நூடுல்ஸ் 50 கிராம் போதும், வெந்ததும் வடித்துக் குளிர்ந்த தண்ணீரில் ஒருமுறை அலசு. சேவையாக இருந்தால் அடுப்பே வேண்டாம். கொதிக்கும் தண்ணீரை ஊற்றி ஐந்து நிமிடம் மூடி வைத்து வடி. கிண்ணத்தில் நூடுல்ஸ், அதன்மேல் காயும் சாறும். ஊற்றியதும் உட்கார்ந்து சாப்பிட்டுவிடு. போனை நோண்டிக்கொண்டிருந்தால் நூடுல்ஸ் சாறு முழுவதையும் குடித்துவிட்டு ஊதிப்போய் இருக்கும். மீந்தாலும் இரண்டையும் கலந்து வைக்காதே.

மேலே போடுகிற பச்சிலையை மறந்துவிட்டேன் பார். சைகோன் ஆயா வீட்டில் சூப்போடு ஒரு தட்டு வரும். வெங்காயத்தாளின் பச்சையைக் காகிதம்போல வட்டமாக அரிந்து குவித்திருப்பார். பக்கத்தில் கொத்தமல்லி, புதினா, திருநீற்றுப்பச்சிலை, கீறின மிளகாய். அவரவர் கிள்ளிப் போட்டுக்கொள்ள வேண்டும், சமைக்கும்போது போட்டால் திட்டுவார். ஜாடி ஜாடியாகத் திருநீற்றுப்பச்சிலை வைத்திருந்தார். இங்கே பூக்கடைக்காரர்கள் மாலையில் வைத்துக் கட்டுகிற அதே செடிதான், அவர் ஊரில் சாப்பிடுவது அதில் ஒரு வகை. உனக்குப் புதினாவும் கொத்தமல்லியும் போதும். மிளகாய்ப் பக்கம் போகாதே.

இது எல்லாம் நடக்கிற காரியமா, ராத்திரி பதினொன்றுக்கு வந்து வெங்காயம் சுடுவேனா என்று கேட்பாய். சுட வேண்டாம். லீவு நாளில் சாறு மட்டும் வைத்து, டம்ளர் கணக்கில் டப்பாவில் ஊற்றி ஃப்ரீசரில் போட்டுவிடு. அப்புறம் காய் நறுக்குகிற நேரம்தான். ஃபெஞ்சல் புயல் அடித்த ராத்திரி கரண்ட் இல்லாமல் டார்ச் வெளிச்சத்தில் நானும் அப்பாவும் இதைத்தான் குடித்தோம். வீட்டில் இருந்தது ஒரு கேரட்டும் வாடின கோஸும். பாலக் இல்லை, காளான் இல்லை, ஆனாலும் நன்றாகத்தான் இருந்தது. அப்பா இரண்டாம் தடவை கேட்டார், அவர் லேசில் கேட்கிற ஆள் இல்லை என்று உனக்கே தெரியும்.

சித்தப்பா மகன் அடுத்த வாரம் புனே வருகிறான். அரிசி சேவை, பட்டை, அன்னாசிப்பூ, கூடவே நல்ல கத்தி ஒன்று கொடுத்தனுப்புகிறேன். உன்னிடம் இருக்கிற கத்தியில் வெண்ணெய்கூட அறுபடாது. பத்து நாளில் எரிச்சல் குறையாவிட்டால் சூப்பை நம்பிக்கொண்டிருக்காதே, மறுபடியும் டாக்டரிடம் போ. மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா எடுத்துக்கொள்ளச் சொன்னார் என்று அவரிடமே கேள், கூகுளிடம் கேட்காதே.

ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது நூடுல்ஸைத் தனியாக வேகவைத்தாயா என்றுதான் முதலில் கேட்பேன்.

அன்புடன்,
அம்மா