மிலிட்டரி தாத்தாவை வழியனுப்பி வைத்தவர்களுக்கு

ஊர் மக்களுக்கும் உறவுகளுக்கும் வணக்கம்.

அப்பாவின் காரியம் நல்லபடியாக முடிந்தது. வீடு வீடாக வந்து நன்றி சொல்ல வேண்டும் என்பதுதான் அம்மாவின் ஆசை. அவரால் இப்போது முடியாது என்பதால் நான் எழுதுகிறேன்.

வேலூர் பக்கத்தில் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பாத ஊர் அரிது. அப்பாவும் அப்படிப் போனவர்தான். பெங்களூரு அல்சூரில் பயிற்சி எடுத்து, ராணுவத்தின் பொறியாளர் பிரிவான மெட்ராஸ் சாப்பர்ஸ் படையில் சேர்ந்தார். அந்தப் படைக்காரர்களை ராணுவமே ‘தம்பி’ என்றுதான் கூப்பிடும். 1971 டிசம்பரில் பாகிஸ்தானுடன் நடந்த போரின்போது ஷகர்கர் பகுதியில், பசந்தர் ஆற்றை நம் டாங்கிகள் கடக்க இரவோடு இரவாகக் கண்ணிவெடி அகற்றியவர்களில் அவரும் ஒருவர். அதைப் பற்றி அதிகம் பேச மாட்டார். பேரப்பிள்ளைகள் நச்சரித்தால் குப்புறப் படுத்து, ஒரு குச்சியைச் சாய்த்துப் பிடித்து மண்ணை மெல்லக் குத்திக் காட்டுவார். நேராகக் குத்தினால் வெடியின் தலையில் அழுத்திவிடும், சாய்த்துக் குத்தினால் பக்கவாட்டில்தான் தட்டும் என்பார். அந்த நிதானம் வீட்டிலும் இருந்தது. தங்கைக்குக் கணக்கு சொல்லிக் கொடுத்தபோது ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை. பேத்திக்குத் தலை பின்னிவிடுவதும் பேரனின் பள்ளிக்கூட ஷூவுக்குப் பாலிஷ் போடுவதும் கடைசிவரை அவர் வேலைதான்.

படுத்த படுக்கையாக இருந்தபோது, எந்நேரம் கூப்பிட்டாலும் ஆட்டோவோடு வந்து நின்ற எதிர்வீட்டுத் தம்பிக்கும், ரத்தம் கொடுத்த கல்லூரிப் பிள்ளைகளுக்கும், அவரை ‘அப்பா’ என்றே கூப்பிட்டுப் பார்த்துக்கொண்ட நர்ஸ்களுக்கும் நன்றி. எங்கள் வீட்டில் அடுப்பு எரியாத நாட்களில் சோறாக்கி வந்த அக்காக்களை எப்படி மறப்போம்?

முன்னாள் படைவீரர் சங்கத்துப் பெரியவர்களே, நடக்கவே சிரமப்பட்டவர்கள்கூட மெடல் மாட்டிக்கொண்டு வந்தீர்கள். வரிசையாக நின்று நீங்கள் சல்யூட் அடித்தபோதுதான் அன்றைக்கு முதல்முறையாக அம்மா தலை நிமிர்ந்து பார்த்தார்.

அப்புறம், குடும்ப ஓய்வூதியம். அப்பாவின் ராணுவ டிஸ்சார்ஜ் புத்தகத்தில் அம்மா பெயர் ஒரு மாதிரி, ஆதாரில் வேறு மாதிரி. எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. ஓய்வுபெற்ற சுபேதார் ஐயா ஒருவர்தான் கூடவே இருந்து, பிரமாணப் பத்திரம் தயார் செய்து, ராணுவ ஓய்வூதியத்துக்கான ஸ்பர்ஷ் இணையதளத்தில் எல்லாவற்றையும் ஏற்றிக் கொடுத்தார். டீக்குக்கூடக் காசு வாங்கவில்லை. பட்டாளத்தார் இருக்கிற வீடுகளில் பெயரையும் பிறந்த தேதியையும் இப்போதே சரிபார்த்துவிடுங்கள். அப்பா இருந்திருந்தால் அவரே தெருத்தெருவாக வந்து சொல்லியிருப்பார்.

அம்மா சார்பிலும் எங்கள் எல்லோர் சார்பிலும் மனமார்ந்த நன்றி.

இப்படிக்கு,
மூத்த மகன், குடும்பத்தாருடன்