டாக்பெரியை வெட்டலாமா?

ஐயா,

மாட்டுங்காவில் அண்மையில் ஷேக்ஸ்பியரின் 'மச் அடோ அபவுட் நத்திங்' நாடகத்தைத் தமிழில் போட்டார்கள். நேரமில்லை என்று கோமாளித்தனமான காவல் தலைவன் டாக்பெரியையும் அவனுடைய இரவுக் காவலர்களையும் ஒரே காட்சியோடு அனுப்பிவிட்டார்கள். தங்கள் விமர்சகர் அதையும் பாராட்டுகிறார்! கூத்தில் கட்டியங்காரனை விரட்டிவிட்டு ராஜாவை மட்டும் ஆடவிடுவார்களா?

ஹீரோ என்னும் மணப்பெண்ணின் கற்பின் மேல் விழுந்த பழி பொய் என்பதை இளவரசரா கண்டுபிடித்தார்? தூறலுக்குத் தாழ்வாரத்தில் ஒதுங்கிய, அந்தச் சதியில் பங்குள்ள போராச்சியோ உளறியதை ஒட்டுக்கேட்டுப் பிடித்தவர்கள் இந்தக் காவலர்கள்தான். கல்யாணத்தன்று காலை டாக்பெரி வந்து வளவளவென்று பேச, அவசரத்திலிருக்கும் பெண்ணின் தந்தை லியோனாட்டோ, "நீயே விசாரித்துக்கொள்" என்று போய்விடுகிறார். அவர் சற்றுப் பொறுத்திருந்தால் மணமேடையில் ஹீரோவுக்கு அந்த அவமானமே நேர்ந்திராது. இதை வெட்டினால் மிச்சம் என்ன?

1600இல் அச்சான பதிப்பில், விசாரணைக் காட்சியில் டாக்பெரியின் பெயர் வரவேண்டிய இடங்களில் நடிகர் கெம்பின் பெயர் இருக்கிறது. ஆளை மனத்தில் வைத்தே ஷேக்ஸ்பியர் எழுதியிருக்கிறார் போலும். தன்னைக் கழுதை என்று திட்டியதை ஏட்டில் எழுதிவைக்க ஆளில்லையே என்று டாக்பெரி புலம்புவது அங்கேதான். அரங்கில் அந்தச் சிரிப்பே இல்லை.

அடுத்தமுறை நேரம் போதாவிட்டால் முகமூடி நடனத்தைக் குறைக்கட்டும்.

ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர்,
செம்பூர், மும்பை