ஞாயிறு ஓடைப் பால வேலை: எல்லாரும் படிச்சிருங்க

எல்லாருக்கும் வணக்கம். கொடைக்கானல் பக்கம் வட்டக்கானல்–வெள்ளகவி பாதைல மழையில சரிஞ்ச ஓடைப் பாலத்தை வர்ற ஞாயிறு கட்டுறோம், வனத்துறை பர்மிஷன் கைக்கு வந்தாச்சு. காலை 7 மணி, வட்டக்கானல்.

1. சிமெண்ட் கிடையாது, அந்த இறக்கத்துல மூட்டையைத் தூக்கிட்டுப் போக யாரால முடியும்? ரெண்டு கரையிலயும் கல்லு மேல கல்லு அடுக்கி மேல பலகைக் கல்லைப் போடுறோம், அவ்ளோதான்.

2. ரெண்டு கல்லோட இடுக்கு மேல ஒரு கல்லு உக்காரணும், இடுக்கு நேர்கோட்டுல வந்தா சுவரு பிளந்துரும். கல்லு ஆடுச்சுன்னா முன்பக்கம் சில்லு சொருகாதீங்க, உள்பக்கமா சொருகுங்க. போன தடவை முன்பக்கம் சொருகித்தான் சொதப்புச்சு (நானும்தான்).

3. பலகைக் கல்லு 6 அடி நீளம், 2 அடி அகலம், அரை அடி கனம். எப்படியும் 450 கிலோ வரும், அதனால கையால தூக்குற பேச்சே வேண்டாம், கடப்பாரை, உருளைக்கட்டை மட்டும்தான். மேஸ்திரி சொல்லாம யாரும் அதைத் தொடக்கூடாது.

4. ஷூ, கிளவுஸ், தண்ணி, அட்டைக்கு உப்பு கொண்டாங்க. செருப்புல வந்தா டீ போடுற வேலைதான்.

5. கடப்பாரை இன்னும் 2 வேணும், யார்கிட்ட இருக்கு?

வர்றவங்க வெள்ளி ராத்திரிக்குள்ள பேரு போடுங்க, சாப்பாடு சொல்லணும். கட்டைவிரல் மட்டும் போட்டா கணக்குல வராது.