டிரைவர் எங்கே தூங்குவார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஓட்டல்களின் சமூகப் பொறுப்பு பற்றிச் சென்ற வாரம் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பள்ளிக்கு நோட்டுப் புத்தகம், மருத்துவ முகாம், மரக்கன்று நடுவது என்று நல்ல யோசனைகள்தான். ஆனால் கொடைக்கானலில் குடியிருக்கும் எனக்கு இதில் முதலில் நினைவுக்கு வருபவர்கள் டிரைவர்கள்.

சீசனில் எந்தச் சனிக்கிழமை இரவும் ஏரிப் பக்கம் போய்ப் பாருங்கள். ஓட்டல் வாசல்களில் வரிசையாக வாடகைக் கார்களும் வேன்களும் நிற்கும். முன் சீட்டைச் சாய்த்துப் போட்டு, குரங்குக் குல்லாவும் போர்வையுமாக டிரைவர் உள்ளே சுருண்டு கிடப்பார். கண்ணாடியை ஏற்றினால் மூச்சு முட்டும், இறக்கினால் குளிர் உள்ளே வரும். டிசம்பர், ஜனவரியில் இங்கே குளிர் எப்படியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. விடிந்ததும் பல் துலக்கவும் மற்றதற்கும் பஸ் ஸ்டாண்ட் கட்டணக் கழிப்பறையைத் தேடிப் போக வேண்டும். மேலே கம்பளிக்குள் தூங்கி எழுந்த குடும்பத்தை, ராத்திரி முழுக்கச் சரியாகத் தூங்காத இந்த மனிதர்தான் வத்தலக்குண்டு வரை கொண்டைஊசி வளைவுகளில் இறக்கிக்கொண்டு போகிறார்.

ஓட்டல், லாட்ஜ்களில் விருந்தினரின் டிரைவர்களுக்குத் தங்குமிடமும் கழிப்பறையும் இருக்க வேண்டும் என்று 2023இலேயே தமிழக அரசு கட்டட விதிகளைத் திருத்தியது. புதுக் கட்டடங்களுக்கு அது சரி. பழைய லாட்ஜ்காரர்கள் அதைக் காதில் போட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. கேட்டால், "சீசன் நேரத்தில் ஒரு ரூமைச் சும்மா விட முடியுமா?" என்கிறார்கள். ரூம் யார் கேட்டது? மொட்டைமாடியிலோ கார் நிறுத்துமிடத்திலோ தட்டுமுட்டுச் சாமான் போட்டு வைத்திருக்கும் ஒரு மூலையில் நாலு அடுக்குக் கட்டில், ஒரு கழிப்பறை, வெந்நீர். அவ்வளவுதான். இதைச் செய்கிற சில லாட்ஜ்களும் இங்கே இருக்கத்தான் செய்கின்றன. டிரைவர்கள் அடுத்த பார்ட்டியை எங்கே கூட்டிக்கொண்டு போகிறார்கள் என்று அந்த லாட்ஜ்காரர்களுக்குத் தெரியும்!

சட்டப்படி சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டியவை பெரிய நிறுவனங்கள்தான். 2013 கம்பெனிகள் சட்டத்தின்படி நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1000 கோடி, நிகர லாபம் 5 கோடி ரூபாய், இதில் ஏதாவது ஒன்றைத் தொட்டால்தான் லாபத்தில் 2 சதவீதக் கணக்கு வரும். எங்கள் ஊர் லாட்ஜ்களில் பெரும்பாலானவை அந்தப் பக்கமே வராது. அதனால் இங்கே பணத்தைவிடப் பழக்கத்தைத்தான் பேச வேண்டும்.

உதாரணத்துக்கு, பொரித்த எண்ணெய். திரும்பத் திரும்பக் காய்ச்சுவதால் உண்டாகும் கெடுதலான துருவப் பொருட்கள் 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயில் மறுபடி சமைக்கக் கூடாது என்பது 2018 ஜூலை முதல் விதி. அதை வாங்கி பயோடீசல் ஆக்க ஏற்பாடும் உண்டு. அப்படியிருந்தும் பழைய எண்ணெயை டின்னில் ஊற்றி ரோட்டோர பஜ்ஜிக் கடைக்கு மலிவு விலையில் தள்ளிவிடும் ஓட்டல்கள் இருக்கின்றன. அந்த பஜ்ஜியைச் சாப்பிடுவது டூரிஸ்ட் மட்டுமல்ல, எங்கள் பிள்ளைகளும்தான்.

காய்கறியும் இப்படித்தான். எங்கள் மலையிலேயே மன்னவனூர்ப் பக்கம் விளைவது மலையிறங்கி மார்க்கெட்டுக்குப் போய், கைமாறி, லாரி வாடகையும் சேர்ந்து திரும்ப மேலே வருகிறது. புவிசார் குறியீடு வாங்கிய மலைப்பூண்டு கையெட்டும் தூரத்தில் விளைகிறது. வாரத்துக்கு இரண்டு நாளாவது விவசாயியிடம் நேராக வாங்கினால் இரண்டு பேருக்கும் லாபம். தண்ணீர்ப் பஞ்சத்தைப் பற்றி எழுதத் தொடங்கினால் கடிதம் நீளும், அதை இன்னொரு முறை வைத்துக்கொள்கிறேன்.

நகராட்சி இந்த ஓட்டல்களின் உரிமத்தைப் புதுப்பிக்கும்போது டிரைவர் தங்குமிடத்தையும் ஒரு எட்டுப் பார்க்கலாம். சுற்றுலா வருபவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ரூம் புக் செய்யும்போது வைஃபை உண்டா, கேம்ப்ஃபயர் உண்டா என்று கேட்கிறீர்கள். டிரைவர் படுக்க இடம் உண்டா என்றும் கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் லாட்ஜ்காரர் தானாகவே கட்டில் வாங்கிப் போடுவார்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
நாயுடுபுரம், கொடைக்கானல்.