பேய் தேடும் இளைஞர்களின் பதிவேடு குறித்து

பத்திராதிபர் அவர்களுக்கு,

ஆளில்லாத வீடுகளுக்கு இரவில் சென்று பேய் உண்டா இல்லையா என ஆராயும் இளைஞர் குழுக்கள் இப்போது மட்டக்களப்பிலும் தோன்றியிருக்கின்றன. அவர்களைக் கேலி செய்வோரையும் கண்டிப்போரையும் கண்டிருக்கிறேன். ஆனால் அவர்கள் கண்டதையும் கேட்டதையும் எவ்வாறு எழுதி வைக்கிறார்கள் என்று எவரும் விசாரித்ததாகத் தெரியவில்லை. நீதிமன்றமொன்றில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதாலோ என்னவோ, எனக்கு அந்தக் கேள்வியே முதலில் எழுந்தது. என் தங்கையின் மகனும் அவனுடைய நண்பர்கள் நால்வரும் அத்தகைய குழுவொன்றை நடத்துவதால், அவர்களுடைய கொப்பியைப் பார்க்கவும், பின்னர் ஓர் இரவு அவர்களுக்கு எழுத்தராகக் கூடப் போயிருக்கவும் வாய்ப்புக் கிடைத்தது.

அந்தக் கொப்பியில் "நள்ளிரவு தாண்டியதும் அறை சில்லிட்டது", "யாரோ நடப்பது போல இருந்தது", "மீட்டர் சிவப்புக் காட்டியது" என்பன போன்ற வரிகளே இருந்தன. எத்தனை மணிக்கு, எந்த அறையில், யாருக்கு அவ்வாறு தோன்றியது, அவ்வேளை ஏனைய நால்வரும் எங்கே நின்றார்கள் என்ற விபரம் ஒன்றும் இல்லை. அதைவிட மோசமானது, அவை யாவும் மறுநாள் தேநீர்க் கடையில் ஐவரும் கூடிப் பேசிய பின்னர் ஒருவன் எழுதியவை. ஐந்து சாட்சிகளை ஒரே வாங்கில் இருத்தி ஒரு மணித்தியாலம் பேசவிட்டுவிட்டு, அதன் பின் ஒரேயொரு வாக்குமூலத்தை எழுதிக்கொண்டால் அதை எந்த நீதவான் ஏற்பார்? சம்பவம் நடந்த வேளையில் அல்லது அது நினைவில் புதிதாக இருக்கும்போதே சாட்சி எழுதிய குறிப்பைப் பார்த்து நினைவைப் புதுப்பித்துக்கொள்ள 1895 ஆம் ஆண்டின் எமது சான்றுக் கட்டளைச் சட்டம் இடமளிக்கிறது. காலந்தாழ்த்தி, பிறர் வாய்மொழியும் கலந்து எழுதிய குறிப்புக்கு அந்தத் தகுதி கிடையாது.

இது எமது பிள்ளைகளுக்கு மட்டும் உரிய குறையன்று. இங்கிலாந்தில் ஹரி பிரைஸ் என்ற பேய் ஆய்வாளர் 1937 இல் போர்லி என்னும் ஊரில் பேய் உலவுவதாகச் சொல்லப்பட்ட பழைய மதகுரு இல்லமொன்றை ஓராண்டுக்கு வாடகைக்கு எடுத்து, பத்திரிகை விளம்பரத்தின் மூலம் 48 பார்வையாளர்களைச் சேர்த்து, அவர்கள் செய்யவேண்டியவற்றை ஒரு சிறு கையேடாக அச்சிட்டுக் கொடுத்தார். ஏற்பாடு நல்லதுதான். ஆனால் அந்த வீட்டில் எவ்வகையான நிகழ்வுகளை எதிர்பார்க்கலாம் என்பதையும் அதே கையேடு சொல்லிக் கொடுத்துவிட்டது. காலடியோசை கேட்கலாம் என்று சொல்லி அனுப்பப்பட்டவனுக்குக் காலடியோசை கேட்பதில் என்ன வியப்பு? பின்னாளில், 1956 இல், மூன்று ஆய்வாளர்கள் அந்தப் பதிவுகளை மீளாய்வு செய்து பிரைஸைக் கடுமையாகக் குறை கூறினார்கள். இதற்கு மாறாக, உளவியலாளர் ரிச்சர்ட் வைஸ்மன் குழுவினர் ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையிலும் எடின்பரோவின் நிலவறைகளிலும் நடத்தி 2003 இல் வெளியிட்ட ஆய்வில், பங்குபற்றிய ஒவ்வொருவரும் தமக்கு ஏதேனும் தோன்றிய இடத்தைத் தனித்தனியாகக் குறித்துக் கொடுத்தார்கள். பேய் உலவுவதாகச் சொல்லப்படும் இடங்களில் அவ்வனுபவங்கள் கூடுதலாகவே இருந்தன. ஆயினும், அவை அவ்விடங்களின் காந்தப்புல ஏற்ற இறக்கம், இடத்தின் அளவு, வெளிச்சம் ஆகியவற்றோடு தொடர்புற்றிருந்தமையும் அளவீடுகளைச் சேர்த்தே எழுதி வைத்ததனால்தான் தெரியவந்தது.

ஆகவே, நான் அவர்களுடன் போன நாளில் மாலை நான்கு மணிக்கே வீட்டைப் பார்க்க வேண்டுமென்று வற்புறுத்தினேன். வாவிக்கரையோரமாக உள்ள அந்த வீட்டின் உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி பெற்று, கிராம உத்தியோகத்தருக்கும் அறிவித்திருந்தோம். சீ.ஆர். கொப்பியின் முதற் பக்கத்தில் வீட்டின் படத்தை வரைந்து, விறாந்தை, அறைகள், உடைந்த யன்னல், பக்கத்து வளவின் தண்ணீர் மோட்டர், வீதியோர மின்கம்பி எல்லாவற்றையும் குறித்தோம். அவர்கள் "மீட்டர்" என எழுதிய, மின்காந்தப் புலத்தை அளக்கும் கருவியைப் பகலிலேயே ஒவ்வோர் அறையிலும் வைத்துப் பார்த்தபோது, பின்னறையில் அது தானாகவே சிவப்புக் காட்டியது. அந்தச் சுவருக்கு அப்பால் அயல் வீட்டின் குளிர்சாதனப் பெட்டி நின்றது. முன்பு "அறை சில்லிட்டது" என எழுதியதற்கு ஆதாரமாக இருந்த கைத்துப்பாக்கி வடிவ வெப்பமானியோ காற்றின் வெப்பத்தை அளப்பதே இல்லை. எதிரே உள்ள சுவரின் மேற்பரப்பை மட்டுமே அளக்கிறது. பகலில் சூடேறிய தகரக் கூரை இரவில் ஆறும்போது டக் டக்கென்று ஒலிப்பதையும், ஓட்டின் மேல் மரநாய் ஓடுவதையும், காவோலை விழுவதையும் இருட்டும் முன்னரே "எதிர்பார்க்கத்தக்க ஒலிகள்" என ஒரு பக்கத்தில் எழுதிக்கொண்டோம். புகைப்படத்தில் ஆவியென்று காட்டப்படும் வெள்ளை உருண்டைகளைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. வாவிக்கரையில் ஃபிளாஷ் அடித்தால் தூசும் நுளம்பும் அப்படித்தான் தெரியும்.

இரவு தொடங்கியதும் எல்லோருடைய கைத்தொலைபேசிகளையும் ஒலிப்பதிவுக் கருவியையும் ஒரே நேரத்துக்குச் சரிப்படுத்தி, அந்த நேரத்தை உரத்துச் சொல்லிப் பதிவு செய்தோம். அதன் பின்னர் இருமினாலும், காலை நகர்த்தினாலும், வயிறு இரைந்தாலும் அவரவர் உடனே "அது நான்" என்று கருவிக்குக் கேட்கும்படி சொல்ல வேண்டும். நான் அதை நேரத்தோடு எழுத வேண்டும். பிள்ளைகளுக்கு இது முதலில் சிரிப்பாக இருந்தது. மூன்று நாட்களின் பின், ஒலிப்பதிவைக் கேட்டுக்கொண்டிருந்த மருமகன் ஓடி வந்து, "மாமா, ஒரு குரல் 'போ' எண்டு சொல்லுது, கேளுங்கோ" என்றான். எனக்கும் அப்படியே கேட்டது. கொப்பியைப் புரட்டினால் 1.17 க்கு நேரே என் கையெழுத்தில் "நான் இருமினேன், வாயைப் பொத்திக்கொண்டு" என்றிருந்தது. எல்லோரையும் சத்தமாகச் சொல்லச் சொன்ன நானே சொல்ல மறந்து, எழுத மட்டும் செய்திருக்கிறேன். அந்த வரி இல்லாதிருந்தால், என் இருமல் இன்று ஊரெல்லாம் உலவும் ஆவியாகியிருக்கும்.

விளங்காத ஒலியைப் பதிவு செய்வது எமது ஊருக்குப் புதிதன்று. பௌர்ணமி இரவில் கல்லடிப் பாலத்தருகே தோணியிலிருந்து துடுப்பை நீரில் விட்டு, அதன் மறுமுனையில் காதை வைத்துப் பாடும் மீனின் ஒலியைக் கேட்ட தலைமுறைகள் இங்கே உண்டு. புனித மிக்கேல் கல்லூரியில் இருந்த லாங் அடிகளார் 1950 களில் அதை ஒலிப்பதிவு செய்தார். ஒலிப்பது மீனா, மட்டியா, வேறெதுவுமா என்ற வாதம் இன்றும் நடக்கிறது. ஆனால் வாதிடுவோர் அனைவருக்கும் கேட்டுப் பார்க்க ஒரு பதிவு இருக்கிறது.

இன்னுமொன்றையும் அவர்களிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். பிறருக்குக் காட்டும் பிரதியில் வீட்டின் பெயரோ ஊரின் பெயரோ இருக்கக்கூடாது. இலக்கம் மட்டும் போதும். 2004 டிசம்பர் 26 ஆம் திகதி கடல் கொண்டுபோனவர்களின் பெற்றோரும் பிள்ளைகளும் நாவலடியிலும் கல்லடித் திருச்செந்தூரிலும் கல்முனையிலும் இன்னும் வாழ்கிறார்கள். "இங்கே அழுகுரல் கேட்டது" என்று இடப்பெயருடன் எழுதப்படும் ஒரு வரியை அவர்கள் வாசிக்க நேர்ந்தால் என்ன ஆகும் என்பதை இருபது வயதுப் பிள்ளைகள் தாமாக நினைத்துப் பார்ப்பதில்லை.

இத்தகைய குழுவினர் தங்கள் அனுபவங்களைப் பிரசுரிக்குமாறு தங்களிடம் கொண்டுவந்தால், வெட்டி ஒட்டிய காணொளியை மட்டும் பார்க்காமல், முழு ஒலிப்பதிவையும் அன்றிரவே எழுதிய மூலக் கொப்பியையும், ஒன்றும் நடவாத இரவுகளின் பக்கங்களையும் கேட்டு வாங்கிப் பார்க்குமாறு வேண்டுகிறேன். என் மருமகனின் புதிய கொப்பியில் இன்றுவரை பதினொரு இரவுகள் உள்ளன. ஒன்பதில் "எதுவும் இல்லை" என்றிருக்கிறது. ஒன்று என் இருமல். எஞ்சிய ஒன்றில், 2.40 க்கு, பூட்டியிருந்த அறைக்குள் ஏதோ விழுந்த ஒலி பதிவாகியுள்ளது; கதவைத் திறந்து பார்த்தபோது எதுவும் விழுந்திருக்கவில்லை. அதற்கு நேரே "காரணம் தெரியவில்லை" என்று எழுதியிருக்கிறான். அதற்கு மேல் ஒரு சொல்லும் சேர்க்க வேண்டாமென்று சொல்லியிருக்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற எழுதுவினைஞர் ஒருவர்,
கல்லடி, மட்டக்களப்பு.